எசேக்கியாவின் சாலகத்தில் ஒரு லஸ்கர்

நான் ஓய்வுபெற்ற அதே மாதத்தில் எங்கள் அலுவலகத்துக்குக் கழுத்தில் மாட்டும் அட்டைகள் வந்து சேர்ந்தன. எருசலேமுக்குப் புறப்படும் ஒவ்வொரு பயணிக்கும் ஓர் அட்டை. பேருந்தின் படியில் அவர் கால் வைத்ததும், குழுவை நடத்துகிறவரின் கைபேசியில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். நாற்பது புள்ளிகள் சேர்ந்துவிட்டால் வண்டியை எடுக்கலாம். "அப்போ நீங்கள்லாம் எப்படிக்கா எண்ணுனிய? ஒரு ஆளக்கூட தொலச்சதில்லையா?" என்று இப்போது குழுக்களை நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்டார்கள். தொலைத்ததில்லை. ஆனால் ஒருமுறை, நாற்பது பேரில் ஒருவரை எருசலேமிலேயே விட்டுவிட்டு வரவேண்டிய நிலைக்கு மிக அருகில் போயிருக்கிறேன். அதை எழுதித் தரும்படி கேட்டார்கள். 

நான் திருநெல்வேலி டவுனில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவள், பெயர் காந்திமதி. பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு படித்தேன். வேதப்புத்தகத்தை முதன்முதலாக அங்கேதான் திறந்தேன், வரலாற்று மாணவியாக. ராஜாக்களும் முற்றுகைகளும் படையெடுப்புகளும் என்னைப் பிடித்துக்கொண்டன. படிப்பு முடிந்து, ஜெயசீலன் அண்ணாச்சியின் பயண அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒன்பது ஆண்டுகள் மேசையில் விமானச் சீட்டு. மூன்று முறை அண்ணாச்சியின் பின்னால் உதவியாளராகத் திருநாட்டுப் பயணம். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்குத் திசையன்விளை பக்கம். மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் அவர் துடைக்கத் தொடங்கினால், அலுவலகத்தில் எல்லோரும் அவரவர் தவறை நினைத்துப் பார்த்துக்கொள்வோம். அவருடைய எண்ணும் முறையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. தலையை எண்ணக் கூடாது என்பார். தலைகள் சாயும், முக்காட்டுக்குள் மறையும், பக்கத்துத் தோளில் தூங்கும். பேருந்தின் நடுவழியில் நின்று முழங்கால்களை எண்ண வேண்டும். எண்பது முழங்கால் வந்தால் நாற்பது ஆள். எண்ணி முடித்ததும் ஓட்டுநரிடம் பத்தடி நகர்த்தி நிறுத்தச் சொல்லி, மறுபடியும் எண்ணுவார். "வண்டி உருண்டதுக்குப் பெறகுதான் தாயி ஒருத்தருக்குச் செருப்பக் கடையில விட்டது ஞாபகம் வரும். அவரு எறங்குனது ஓட்டுநருக்கும் தெரியாது, கர்த்தருக்குத்தான் தெரியும்."

எண்ணிக்கையைத் தவிர அவருக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. குழுவைப் பிரிக்காதே. திட்டத்தில் இல்லாத இடத்தைச் சேர்க்காதே. "ஒருத்தருக்கு ஒரு எடம் கூட்டுனா, நாப்பது பேருக்கும் நாப்பது எடம் கூட்டணும்."

நான் தனியாக நடத்திய முதல் பயணம் திட்டமிட்டு வந்ததன்று. புறப்படுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது அண்ணாச்சி மாடிப்படியில் சறுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே, இடுப்பில் கட்டும் துணிப்பையை என்னிடம் கொடுத்தார். நாற்பது பேர் பெயரும் ஒரே தாளில் அச்சிட்ட குழு விசா அதற்குள் இருந்தது. அந்தத் தாளின் இயல்பை இங்கே சொல்லிவிட வேண்டும். அதில் பெயருள்ள அனைவரும் ஒன்றாக எல்லைக்குள் நுழைய வேண்டும். ஒன்றாகவே வெளியேற வேண்டும். முப்பத்தொன்பது பேர் போனால் அந்த முப்பத்தொன்பது பேரையும் நிறுத்திவைப்பார்கள். எங்கள் அலுவலகத்தின் பெயரில் அடுத்த விசா கிடைப்பதும் ஐயம்தான்.

குழுவில் பெரும்பாலோர் ராதாபுரம், திசையன்விளை, சேரன்மகாதேவி சபைகளைச் சேர்ந்தவர்கள். தலைமையாக வந்தவர் பொன்னுத்துரை ஐயர். எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். திசையன்விளையில் பாத்திரக்கடை வைத்திருந்த தர்மராஜ் அண்ணாச்சி, விமான நிலையத்தில் என் நெற்றியைப் பார்த்துவிட்டு ஐயரிடம் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

"குங்குமம் வச்ச பிள்ளையாவே நமக்கு எருசலேமக் காட்டப் போவுது?"

"வழி தெரிஞ்ச பிள்ளை காட்டுனா போதும் அண்ணாச்சி" என்றார் ஐயர்.

மூன்றாம் நாள் மெகிதோ மேட்டில், அந்தச் சமவெளியில் யார் யாரோடு போரிட்டார்கள் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தபோது, தர்மராஜ் அண்ணாச்சி எனக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். அன்று முதல் நான் அவருக்குத் தங்கச்சி.

மாசிலாமணி என்பவரை அதுவரை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அறுபத்தெட்டு வயது, ஒல்லியான, கறுத்த, பேசாத மனிதர். சேரன்மகாதேவியில் கால்வாய் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மதகுப் பலகையை ஏற்றி இறக்குவதும், கரையைச் சுற்றி வருவதும், அடைப்பை நீக்குவதும் லஸ்கரின் வேலை. முப்பத்து நான்கு ஆண்டுகள் தாமிரபரணித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தவர். அவர் பேசாததை எல்லாம் சேர்த்து அவர் மனைவி எஸ்தரம்மாள் பேசுவார்.

"இங்க பாரு காந்தி, கலிலேயாக் கடல்ல எல்லாரும் கண்ணீர் விட்டு ஜெபம் பண்ணுதாவ. இந்த மனுசன் கரை எத்தன அடி ஒசரம்னு பாத்துக்கிட்டு நிக்காரு. நாளைக்குப் பரலோகத்துக்குப் போனாலும், ஜீவநதிக்கு மதகு எங்கன இருக்குன்னுதான் மொதல்ல கேப்பாரு."

மாசிலாமணி கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் எருசலேமுக்கு வந்த மாலை, விடுதி வாசலில் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"அம்மா, எசேக்கியா ராசா வெட்டுன சாலகம் எந்த நாளுக்கு வச்சிருக்கிய?"

சாலகம் என்பது நீர்வழிக்கு வேதப்புத்தகத் தமிழில் உள்ள சொல். அசீரியப் படை எருசலேமை முற்றுகையிட வருகிறது என்று தெரிந்ததும், நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றைப் பகைவர் கண்ணில் படாமல் மூடி, அதன் நீரை மலைக்கு அடியில் பாறையைக் குடைந்து நகரத்துக்குள் கொண்டுவந்தான் எசேக்கியா. அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுரங்கம். இரண்டு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். இன்றும் நீர் ஓடுகிறது. இன்றும் அதற்குள் நடந்து போகலாம். எங்கள் திட்டத்தில் அது இல்லை. வயதானவர்கள் அதிகம் என்று ஐயரும் ஜெயசீலன் அண்ணாச்சியும் சேர்ந்து எடுத்துவிட்டார்கள். நான் அதைச் சொன்னேன்.

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் அரைமணி நேரம் வாதாடியிருப்பார்கள்.

மறுநாள் காலை எஸ்தரம்மாள் என்னைத் தனியாக அழைத்தார். கேலிப்பேச்சு இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை. "பிள்ள, மக வளைகுடாவுல இருந்து எங்க ரெண்டு பேரையும் போவச் சொன்னப்போ, அவரு வரமாட்டேன்னுதான் சொன்னாரு. பெறகு ராத்திரி எந்திரிச்சி ஒக்காந்து, அந்த சாலகத்தப் பாக்கலாம்லான்னு கேட்டாரு. அதுக்குத்தான் வந்திருக்காரு. எனக்கு இயேசுவோட கல்லறை, அவருக்கு அது. நான் சொன்னேன்னு சொல்லிராத."

அன்று எருசலேமில் எங்கள் கடைசி நாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லையில், யோர்தான் பாலத்தில் நிற்க வேண்டும். மதியத்துக்குப் பிறகு இரண்டரை மணி நேரம் ஒலிவமரச் சிற்பக் கடைகளுக்கென்று ஒதுக்கியிருந்தது. அந்த நேரத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சியின் இரண்டு கட்டளைகளையும் ஒரே மூச்சில் மீறினேன். சுரங்கத்துக்குள் வர விரும்புகிறவர்கள் யார் என்று பேருந்தில் கேட்டேன். பதினொரு பேர் எழுந்தார்கள். என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு. மற்ற இருபத்தெட்டுப் பேரையும் ஐயரிடம் ஒப்படைத்தேன். முழங்கால்களை எண்ணும் வேலையைத் தர்மராஜ் அண்ணாச்சி ஏற்றுக்கொண்டார்.

"பன்னெண்டு பேரு" என்றார் எஸ்தரம்மாள், சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டே. "இயேசுவுக்கும் சீஷங்க பன்னெண்டு பேருதான். இதுல ஒருத்தன் காட்டிக் குடுப்பாம்லா. யாருன்னுதான் தெரியல."

படிகளில் இறங்கி, இறங்கி, மலையின் வயிற்றுக்குள் போனோம். குளிர்ந்த நீர் முதலில் தொடை வரை ஏறியது. எல்லோரும் ஒரே குரலில் மூச்சை இழுத்துக்கொண்டோம். சில அடிகளில் அது முழங்காலுக்குத் தாழ்ந்தது. இரண்டு தோள்களும் பாறையில் உரசும் அகலம். கைவிளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. திரும்பி வர வழியில்லை; முன்னால்தான் போக முடியும். வரிசையின் முதலில் மாசிலாமணியை விட்டேன். கடைசி ஆள் நான். நூறு அடிக்கு ஒருமுறை முன்னாலிருந்து எண்ணைச் சொல்லிக்கொண்டு வரும்படி ஏற்பாடு. ஒன்று, இரண்டு, மூன்று என்று குரல்கள் வளைவுகளைத் தாண்டி வந்து என்னிடம் பன்னிரண்டில் முடியும். ஒவ்வொரு முறையும் என் எண்ணை நானே தேவைக்கு மேல் உரக்கச் சொன்னேன். அவ்வளவு உற்சாகம் எனக்கு.

முன்னாலிருந்து மாசிலாமணியின் குரல் கேட்டது. அவர் அத்தனை பேசக்கூடியவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எல்லாரும் அசையாம நில்லுங்க. தண்ணி தெளியட்டும்." அந்த இடம் நேராக இருந்ததால் தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துணுக்கைக் கிள்ளி நீரில் விட்டார். விளக்கொளியில் அது மெல்ல நகர்வதை வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டு பார்த்தார். "தூக்குக்குண்டும் ரசமட்டமும் எப்படி வச்சிருந்தாம்னு தெரியலியே. மொத்த நீளத்துக்கும் ஒரு அடி வாட்டம், ஒரு அடி சரிவு இருந்தாப் பெருசும்மா. இருட்டுல, ரெண்டு பக்கத்துல இருந்து, இம்புட்டு கொஞ்சம் வாட்டத்துல வெட்டியிருக்கான். நம்ம கால்வாய்ல அரை அடி தப்பிருச்சின்னா கடமடையில இருக்க கடைசி வயலுக்குத் தண்ணி போவாது. எவ்வளவு பெரிய ஆளுவ."

"ஆளுவளப் பெறகு மெச்சலாம். எனக்குக் கால் மரத்துப்போச்சி" என்றார் பின்னாலிருந்து எஸ்தரம்மாள்.

பாதி தூரம் வந்திருப்போம். அவர் கையைச் சுவரில் வைத்தபடியே சட்டென்று நின்றார். "இங்கன உளி மாறுது." விளக்கை அருகில் பிடித்தார். அதுவரை நாங்கள் போகும் திசையில் சாய்ந்திருந்த கொத்துத் தழும்புகள், அந்த இடத்துக்கு அப்பால் எங்களை நோக்கிச் சாய்ந்திருந்தன. அவர் உள்ளங்கையை முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் வெட்டுனவன் வேற, அந்தப் பக்கம் வெட்டுனவன் வேற. இங்கதான் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்திருக்கான்." இதைப் பற்றி நான் படித்திருந்தேன். அங்கே நின்று விளக்க ஒரு சிறு உரைகூட மனதில் வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் தானே கண்டுபிடித்துவிட்ட பிறகு என் புத்தக அறிவுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறையை உடைத்தவர்கள், முதன்முதலாக அவர்கள் வேலை தெரிந்த ஒருவரை எங்கள் குழுவிலிருந்து சந்தித்தார்கள் என்று தோன்றியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருட்டு நல்லதாகப் போயிற்று.

கூரை உயர்ந்துகொண்டே போய், வெளிச்சம் தெரிந்து, சீலோவாம் குளத்தருகே வெளியே வந்தோம். எண்ணினேன், பன்னிரண்டு. ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு, ஈரத்தைப் பிழிந்துகொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். நான் செருப்பை மாட்டக் குனிந்தேன். அந்த அரை நிமிடத்தில்தான் அது நடந்தது.

குளத்துக்குக் கீழே அப்போது அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. குழிக்குள் நீர் இறங்காதபடி, வாய்க்காலின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு பலகையைச் செருகி வைத்திருந்தார்கள். பலகைக்கு முன்னால் இலைகளும் காலிப் புட்டிகளும் திரண்டு, நீர் மேலேறி நின்றது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தினமும் காலையில் செய்ததை மாசிலாமணி அப்போதும் செய்தார். குப்பையைக் கையால் வாரிக் கரையில் போட்டார். பிறகு பலகையின் இரண்டு காதுகளையும் பிடித்து ஒரு சாண் உயர்த்தினார்.

அவருடைய கால்வாயில் பலகையை உயர்த்தினால் நீர் போகவேண்டிய இடத்துக்குப் போகும். இங்கே, போகவே கூடாத இடத்துக்குப் போனது.

கீழேயிருந்து கூச்சல் எழுந்தது. குழிக்குள் தூரிகையோடு குந்தியிருந்த இருவர் தாவி மேலேறினார்கள். அகழ்விடத்துக் காவலாளிகள் ஓடி வந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. ஆனால் சதுரம் சதுரமாக நூல் கட்டி அளந்து வைத்திருந்த தரையில் கணுக்கால் உயரத்துக்கு நீர் நின்றது. மாசிலாமணி பலகையை உடனே அழுத்தி இறக்கிவிட்டார். இறக்கிய பிறகும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு காவலாளி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் காட்டிக் குடுத்தவன் போலுக்கு" என்றார் மனைவியைப் பார்த்து. எஸ்தரம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அகழ்வுக்குப் பொறுப்பாளர், முழங்கால் வரை சேறு படிந்த காலணி அணிந்த, என் அம்மா வயதுள்ள ஓர் அம்மையார். ஆங்கிலத்தில் பேசினார். கோபத்தை அடக்கிப் பேசினார். அதனால் அது இன்னும் கடுமையாக இருந்தது. மூன்று வாரம் அளந்த மண் அடுக்குகள் அவை. நீர் ஊறினால் அடுக்குகள் கலந்துவிடும். நீரை உறிஞ்சும் இயந்திரம் வேறோர் இடத்தில் இருக்கிறது. வர இரண்டு மணி நேரம் ஆகும். காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். இந்த மனிதர் நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் தர வேண்டும். விசாரணை முடியும் வரை ஊரை விட்டுப் போக முடியாது.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"அது அவர்களுக்குத்தான் தெரியும்."

மணி மூன்றாகியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாலம். என் இடுப்பில் நாற்பது பெயர்கள் கொண்ட தாள்.

ஊரிலிருந்த ஜெயசீலன் அண்ணாச்சியைத் தொலைபேசியில் அழைத்தேன். எதையும் மறைக்காமல், பிரித்ததையும் சேர்த்ததையும் முதலில் சொல்லி, நடந்ததைப் பிறகு சொன்னேன். மறுமுனையில் அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"காந்தி" என்றார் மிக மெதுவாக. "இப்ப நீ நாப்பதா, முப்பத்தொம்போதா?"

"நாப்பதுதான் அண்ணாச்சி. எல்லாரும் இருக்காவ."

"அப்போ நாப்பதாவே கொண்டா. மத்ததப் பெறகு பேசுவோம்."

நான் திரும்பியபோது மாசிலாமணி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். தன் பிழையைப் பற்றியோ போலீஸைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. "அம்மா, தண்ணி இங்க ஏறி நின்னதுக்குக் காரணம் வேற. இந்தத் தண்ணியத் திருப்பி விட வேற வழி வச்சிருப்பாங்கள்லா? அது எங்கன இருக்குன்னு கேளுங்க. இந்தா பாருங்க, சொவத்துல ஈரக்கோடு. இன்னைக்கு மட்டும் நாலு விரல் ஏறியிருக்கு."

அம்மையாரிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். ஆனாலும் நீருக்கடியில் ஒரு குழாய் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். காவலாளி பிடித்திருக்கும்போதே மாசிலாமணி ஒரு காலை மட்டும் நீட்டித் துழாவினார். "இருக்கு. வாய அடச்சிக்கிட்டுக் கெடக்கு." குனிந்து கையை விட்டு இழுத்தார். ஒரு பழைய கம்பளிச் சட்டை, அதைச் சுற்றி ஒரு கூடை இலை. குழாய் ஒரு பெருமூச்சுவிட்டு நீரைக் குடிக்கத் தொடங்கியது. பலகைக்கு முன்னால் நின்ற நீர் எங்கள் கண்ணெதிரே இறங்கியது.

அம்மையார் காவலாளியிடம் ஏதோ சொன்னார், கை விடுபட்டது. ஆனால் குழிக்குள் நீர் அப்படியே நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு நானே கொஞ்சம் பெருமை கொடுத்துக்கொள்வேன். "அம்மா, இயந்திரம் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றீர்கள். எங்களிடம் நாற்பது பேர் இருக்கிறார்கள். பாதிப்பேர் வயலில் நின்று தண்ணீர் இறைத்தவர்கள். ஒரு மணி நேரம் தாருங்கள். அதற்குப் பிறகு காவல்துறையை அழையுங்கள்."

அவர் எங்கள் ஒவ்வொருவர் காலையும் பார்த்தார். "மண்ணைக் கலக்கக் கூடாது" என்றார்.

ஐயருக்குத் தொலைபேசி. கால்மணி நேரத்தில் கீழ்ச் சாலையில் பேருந்து வந்து நின்றது. முதலில் இறங்கியவர் தர்மராஜ் அண்ணாச்சி. கையில் காகிதம் சுற்றிய ஒட்டகச் சிற்பம். "அம்பத்தாறு முழங்கால் தங்கச்சி. ரெண்டு தடவ எண்ணிட்டேன். எங்கன நிக்கணும்?" ஐயர் காலை ஆராதனைக்கென்று அணிந்திருந்த வெள்ளை அங்கியைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

எங்கள் ஊர்களில் கால்வாய் தூர்ந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும் என்ற பழைய வழக்கம் ஒன்று இருந்தது. குடிமராமத்து என்பார்கள். அன்று எருசலேமில் நடந்தது அதுதான். அகழ்வுக்காரர்களின் கறுப்பு ரப்பர் கூடைகளை வாங்கி, குழியின் ஓரத்திலிருந்து வாய்க்கால் வரை வரிசையாக நின்றோம். மாசிலாமணி மட்டும் குழியின் ஒரு மூலையில், நூல்களுக்கு இப்பால் இறங்கினார்.

"ஒருத்தரும் உள்ள எறங்காதிய. ஒரே மூலையில மேத்தண்ணிய மட்டும் மொள்ளணும். பைய. அடி தட்டக் கூடாது. அண்ணாச்சி, கூடையச் சாய்க்காதியும்வே, வேட்டி நனையும்."

"வேட்டி போனாப் போவுது. நீரு மொள்ளும்" என்றார் தர்மராஜ் அண்ணாச்சி.

யாரோ ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார்கள். கூடை கைமாறும் தாளத்துக்கு அது தானாகவே இசைந்தது. எனக்கும் அந்தப் பாட்டு தெரியும்; பத்து நாளாகக் கேட்டது. என் இடப்பக்கம் எஸ்தரம்மாள், வலப்பக்கம் ஐயர். கூடைகள் வந்தன, போயின. அகழ்வுக் குழுவின் இளைஞர்கள் சிரித்துக்கொண்டே வரிசையின் நடுவில் வந்து நின்றார்கள். அம்மையார் குழியின் விளிம்பில் மண்டியிட்டு, ஒவ்வொரு சதுரமாக நீரிலிருந்து வெளிப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையைத் தவிர மற்ற அடுக்குகள் அசையவில்லை.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாசிலாமணி மேலேறி வந்தார். அம்மையார் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். நடந்ததை எழுதி, மாசிலாமணி கையெழுத்திட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "அடைப்பு எடுத்தது என் வேலை. பலகையத் தூக்குனது என் தப்பு. கேட்டுட்டுத் தூக்கியிருக்கணும்." அவ்வளவுதான் வாக்குமூலம். அம்மையார் அதை இரண்டு முறை படித்தார். சுரங்கத்தின் வாட்டத்தைக் காகிதத் துணுக்கு ஒன்றைக்கொண்டு இவர் ஓரடி என்று சொன்னதையும் அப்போது சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தலை நிமிர்ந்தார். கருவிகள் வைத்து அளந்ததிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்றார். பிறகு தாளை மடித்துத் தன் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொண்டார். காவல்துறையை அழைக்கவில்லை.

புறப்படும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். மறுபடி அடைக்காமல் இருக்க என்ன செய்வது? பலகையை மாற்ற வேண்டுமா, கம்பிவலை போடலாமா?

மாசிலாமணி யோசித்தார். "வலை போட்டா வலையில அடைக்கும். காலையில ஒரு ஆளு, சாயந்தரம் ஒரு ஆளு வந்து பாக்கணும். தண்ணிக்கு ஆளுதாம்மா காவல்." நான் மொழிபெயர்த்தேன். அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார்.

அண்ணாச்சி ஊரில் என்னிடம் என்ன பேசினார் என்று கேட்பீர்கள். ஒன்றும் பேசவில்லை. கட்டுப் போட்ட காலை முக்காலியில் வைத்துக்கொண்டு, அடுத்த பயணத்துக்கான திட்டத் தாளைத் தட்டச்சு செய்ய என்னிடம் நீட்டினார். எருசலேமின் கடைசி நாளில், அவர் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: எசேக்கியாவின் சாலகம், விரும்புகிறவர்களுக்கு.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது பாலத்தைக் கடந்த அந்தக் காலையைத்தான். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். அதிகாரி பேருந்துக்குள் ஏறி, தாளில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மாசிலாமணியின் பெயர் இருபத்து மூன்றாவது. அவர் எழுந்து நின்றார். அதிகாரி அடுத்த பெயருக்குப் போனார். நாற்பதாவது பெயரை வாசித்து, முத்திரையைக் குத்தி, இறங்கிப் போனார்.  பேருந்து பாலத்தின் மேல் ஏறியது. ஐயர் தலை குனிந்து ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்களை மூடினார்கள்.

மாசிலாமணி மட்டும் எழுந்து கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கீழே நாணலுக்கு நடுவே யோர்தான், எங்கள் கால்வாயை விடக் குறுகலாக, அசைவதே தெரியாமல் கிடந்தது.

"அம்மா, கீழ எங்கனயோ அடைப்பு இருக்கு" என்றார்.

எஸ்தரம்மாள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, அவர் சட்டையின் பின்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அக்கரை போய்ச் சேரும் வரை விடவில்லை.